கல்லறைத் தோட்டத்துப் பறவைகள்: வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர்களும் அங்கே சென்றுவரும் வாசகர்களும், கிராமத் தேவாலயங்களைச் சூழ்ந்த கல்லறைத் தோட்டங்களில் பறவை பார்ப்பது பற்றியும் படம் எடுப்பது பற்றியும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இம்முறை இப்பகுதி முழுவதும் அவர்களுக்கான பதில்கள் மட்டுமே இடம்பெறுகின்றன.

கேள்வி: கணவரின் வேலை காரணமாக ஹாம்ப்ஷயரில் ஒரு சிறிய கிராமத்தில் குடியேறியிருக்கிறோம். வீட்டுக்கு அருகிலேயே பழைய தேவாலயமும், அதைச் சுற்றிச் சாய்ந்து நிற்கும் கல்லறைக் கற்களும், மிகப் பெரிய யூ மரம் ஒன்றும் இருக்கின்றன. பறவைகளின் குரல் ஓயாமல் கேட்கிறது. ஆனால் உள்ளே நடந்து போனால் ஒன்றும் கண்ணில் படுவதில்லை. நாங்கள் கிறித்தவர்கள் அல்லர். கேமராவுடன் அங்கே போய் உட்காருவது முறையாகுமா? எங்கே, எந்த நேரத்தில் உட்கார வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களில் பெரும்பாலானவற்றின் வாயில் பகலில் திறந்தே இருக்கும். எந்தச் சமயத்தவரும் உள்ளே நடக்கலாம், அங்குள்ள மர இருக்கையில் அமரலாம். பல ஊர்களில் பொது நடைபாதையே கல்லறைத் தோட்டத்தின் ஊடாகச் செல்கிறது. ஆனால் கதவு திறந்திருப்பதால் மட்டும் அந்த இடம் பூங்கா ஆகிவிடுவதில்லை. யாரோ ஒருவரின், நேற்று வரை உயிரோடிருந்த தாயோ மகனோ அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம். ஆகவே அடக்க ஆராதனையோ திருமணமோ நடக்கும் வேளையில் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு வெளியேறிவிடுங்கள். புதிய மண்மேடும் மலர்களும் உள்ள பகுதிப் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். எந்தக் கல்லின் மீதும் உட்காராதீர்கள், பையைச் சாய்த்து வைக்காதீர்கள். பழைய கற்கள் பல அடி தளர்ந்து நிற்பவை என்பதால் இது மரியாதைக்கு மட்டுமல்ல, உங்கள் காலுக்கும் நல்லது. முகப்பு மண்டபத்து அறிவிப்புப் பலகையில் குருவானவரின் பெயரும் தேவாலயத்தைக் கவனித்துக்கொள்ளும் சர்ச் வார்டன்களின் பெயரும் இருக்கும். அவர்களில் ஒருவரிடம் முதலிலேயே உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு, பறவைகளைப் படம் எடுக்க வருவதாகச் சொல்லிவிட்டால், அடுத்த முறை உங்களைப் பார்ப்பவர்கள் யாரோ என்று ஐயுற மாட்டார்கள். கோபுரத்தில் எந்தத் துளையில் எந்தப் பறவை நுழைகிறது என்பதையும் பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சுற்றியுள்ள வயல்களை விட இங்கே பறவைகள் மிகுந்திருப்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. பழைய கல்லறைத் தோட்டத்து மண் பல நூற்றாண்டுகளாக ஏர் காணாதது, உரமோ பூச்சிக்கொல்லியோ பெரிதாகப் பட்டறியாதது. அதனால் அந்தப் புல்லில் மண்புழுவும் எறும்புப் புற்றும் வண்டும் நிறைந்திருக்கின்றன. முதிய மரங்களில் பொந்துகளும், கல் சுவர்களில் இடுக்குகளும், கோபுரத்தில் மனிதக் கை எட்டாத மாடங்களும் இருக்கின்றன. உணவும் உறைவிடமும் ஒரே சுற்றுச்சுவருக்குள் கிடைக்கும்போது பறவை வேறெங்கே போகும்?

எங்கே உட்காருவது என்பதற்கு அந்தக் கட்டடமே விடை சொல்கிறது. பழைய ஆங்கிலத் தேவாலயங்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காகக் கட்டப்பட்டவை; பலிபீடம் கிழக்கிலும், கோபுரம் பெரும்பாலும் மேற்கிலும், மக்கள் நுழையும் முகப்பு மண்டபம் பெரும்பாலும் தெற்கிலும் அமைந்திருக்கும். தமிழ்நாட்டில் உச்சிக்கு ஏறிவிடும் சூரியன் அங்கே ஆண்டு முழுவதும் தெற்கு வானத்தைச் சாய்வாகவே கடக்கிறது. ஹாம்ப்ஷயரில் ஜூன் மாத நண்பகலில் அதன் உயரம் சுமார் 62 பாகை, டிசம்பர் இறுதியிலோ வெறும் 15 பாகைதான். இதனால் தெற்குச் சுவர் வெயில் வாங்கிச் சூடாகிறது, பூச்சிகள் அங்கே திரள்கின்றன, அவற்றைத் தேடி ஈப்பிடிப்பான்களும் ரென் குருவிகளும் வருகின்றன. வடபுறம் நிழலும் ஈரமும் பாசியுமாக இருக்கும். மண்புழு தேடும் பூங்குருவி வகைகளுக்கு அதுவே பிடித்த இடம். காலையில் கிழக்குப் பக்கத்திலும் மாலையில் கோபுரத்தின் மேற்குப் பக்கத்திலும் நல்ல வெளிச்சம் விழும். உங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியனும், சாய்ந்துகொள்ள ஒரு சுவரோ மரமோ உள்ள இடமாகத் தேர்ந்துகொள்ளுங்கள்.

நடந்து போனால் ஒன்றும் தென்படவில்லை என்கிறீர்கள். நடப்பதுதான் காரணம். பறவைகள் உங்களுக்கு முன்னால் விலகி, நீங்கள் கடந்ததும் பின்னால் திரும்பி வருகின்றன. ஓர் இடத்தில் அசையாமல் அரைமணி நேரம் உட்கார்ந்தால், முதல் பத்து நிமிடம் வெறுமையாகக் கழியும். பிறகு ராபின் வரும். குழி வெட்டுபவர் மண்ணைப் புரட்டினால் புழுவுக்காக அவரது மண்வெட்டிக்கு அருகிலேயே வந்து நிற்கும் துணிச்சல்காரப் பறவை அது. அதன் பின் மற்றவை வரும். ஏப்ரல், மே மாதங்களில் விடியலுக்குப் பிந்திய முதல் ஒரு மணி நேரமே மிகச் சிறந்தது. ஜூனில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே எழுந்துவிடுவதால், அவ்வளவு சீக்கிரம் போக முடியாதவர்கள் மாலையின் கடைசி இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தேடிப் பார்க்க வேண்டிய ஓர் அடையாளத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லறையின் விளிம்புக் கல்லருகே உடைந்த நத்தை ஓடுகள் குவிந்து கிடந்தால், அது பாடும் பூங்குருவியின் உலைக்கல். நத்தையை அலகால் பற்றி அந்தக் கல்லில் ஓங்கி அடித்து ஓட்டை உடைத்துத் தின்னும். வசதியான கல் கிடைத்துவிட்டால் அதற்கே மீண்டும் மீண்டும் வரும். மழையின்றி நிலம் காய்ந்து, மண்புழுக்கள் ஆழத்துக்குப் போய்விட்ட நாட்களில் அங்கே காத்திருங்கள். எந்த விலையுயர்ந்த லென்ஸும் தராத படத்தை அந்த ஓட்டுக் குவியல் உங்களுக்குத் தரும்.

கேள்வி: என்னிடம் சாதாரண கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. யூ மரத்தடியில் எடுக்கும் படங்கள் மங்கலாகவும் பச்சை படிந்தும் வருகின்றன. கோபுரத்தில் அமரும் ஜாக்டா காகங்களோ வெறும் கருப்புத் திட்டுகளாகத் தெரிகின்றன. பெரிய லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கல்லறைத் தோட்டம் சிறிய இடம். பறவைகள் மனிதர்களைப் பார்த்துப் பழகியவை. பொறுமையாக உட்கார்ந்தால் 300 மி.மீ. லென்ஸுக்கு எட்டும் தூரத்துக்குள் வந்துவிடும்.

யூ மரம் ஆண்டு முழுவதும் இலை அடர்ந்து நிற்பதால் அதன் அடியில் நண்பகலிலும் அந்தி போன்ற இருட்டு இருக்கும். அங்கே கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600 அல்லது 3200 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். படத்தில் மணல் தூவியது போலச் சற்றே புள்ளிகள் தெரிந்தாலும் பறவை தெளிவாக இருக்கும், ஆனால் அசைவினால் கலங்கிய படத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. அமர்ந்திருக்கும் சிறு பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 500இல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. பச்சைச் சாயல் இலைகளின் ஊடே வடிந்து வரும் ஒளியால் ஏற்படுவது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து, அருகிலுள்ள சாம்பல் நிறக் கல் ஒன்றை அளவுகோலாக வைத்துப் பின்னர் நிறத்தைச் சரிசெய்யலாம். இதை விட எளிய வழியும் உண்டு. மரத்தின் உள்ளே இருக்கும் பறவையைத் துரத்தாமல், அது வெளியே வந்து உட்காரும் வெளிச்சமான கல்லை நோக்கிக் காத்திருக்கலாம்.

இந்தக் காத்திருப்புக்கென்றே பிறந்தது போன்றது புள்ளி ஈப்பிடிப்பான். ஆப்பிரிக்காவிலிருந்து மே மாதத்தில், வலசைப் பறவைகளில் ஏறக்குறையக் கடைசியாக வந்து சேரும் இந்தப் பழுப்புச் சாம்பல் நிறப் பறவை ஒரு கல்லின் உச்சியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே கல்லுக்கோ பக்கத்துக் கல்லுக்கோ திரும்பும். கல்லின் மீது முன்கூட்டியே ஃபோகஸ் செய்துவைத்தால் போதும். பிரிட்டனில் இதன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்து, காப்பு மிகவும் தேவைப்படும் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருப்பதால், உங்கள் ஊரில் ஒரு ஜோடி இருந்தால் அதைப் பெரும் பேறாகவே கருதுங்கள்.

ஜாக்டா விஷயத்தில் கேமராவின் ஒளிமானிதான் ஏமாறுகிறது. பின்னணியில் வெண்மையான வானம் இருக்கும்போது அது படம் முழுவதையும் இருட்டாக்கிவிடுகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை கூட்டல் 1 வரை ஏற்றுங்கள். வானம் வெளிறினாலும் பரவாயில்லை. அதே பறவை அருகில் புல்லில் இறங்கிச் சட்டகத்தை நிறைத்தால் நிலைமை தலைகீழாகும். அப்போது சற்றுக் குறைக்க வேண்டும். ஜாக்டா முழுக் கருப்பன்று. அதன் பிடரி சாம்பல் நிறம், கண்ணோ வெளிறிய வெள்ளி நிறம். அந்தக் கண்ணில் ஒளி விழும் கோணம் கிடைக்கும் வரை பொத்தானை அழுத்தாமல் இருப்பது நல்லது.

கற்களின் மேல் சாம்பலும் மஞ்சளுமாகப் படர்ந்திருக்கும் லைக்கன்களைப் படம் துலங்க வேண்டும் என்பதற்காகச் சுரண்டிவிடாதீர்கள். மெதுவாக வளரும் உயிர்கள் அவை. பழைய கற்களே அவற்றுக்குப் பல ஊர்களில் கடைசிப் புகலிடம்.

கேள்வி: மே மாதத்திலிருந்து கோபுரத்தைச் சுற்றிக் கரிய பறவைகள் கூட்டமாகக் கீச்சிட்டபடி சுழல்கின்றன. இவை தகைவிலான் குருவிகளா? பறக்கும்போது படம் எடுக்கவே முடியவில்லை.

பதில்: நீங்கள் பார்ப்பவை உழவாரன்கள். அரிவாள் போல வளைந்த நீண்ட சிறகும், குட்டையான கவை வாலும், கீச்சென்ற கூட்டுக் குரலும் அவற்றின் அடையாளங்கள். அவை கம்பியில் உட்காருவதே இல்லை. அவற்றின் சிறு கால்கள் சுவரைப் பற்றித் தொங்குவதற்கு மட்டுமே உதவும். தகைவிலான் கம்பியில் வரிசையாக அமரும். மார்பு வெளிறியிருக்கும், வாலில் நீண்ட இழைகள் இருக்கும். தேவாலயத்தின் முகப்பு மண்டபத்து உத்தரத்தில் மண்கூடு கட்டும். தமிழ்நாட்டின் ஏரிக்கரைகளில் குளிர்காலத்தில் காணும் தகைவிலானும் இதே இனம்தான். ஆனால் நம்மிடம் வருபவை ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து வருகின்றன, இங்கிலாந்தில் பிறப்பவையோ தென்னாப்பிரிக்கா வரை செல்கின்றன. மண்டபத்தில் கம்பிக் கதவு இருந்தால் போகும்போதும் வரும்போதும் மறவாமல் சாத்துங்கள். தேவாலயத்துக்குள் நுழைந்துவிடும் குருவி வழி தெரியாமல் பட்டினியில் இறந்துவிடும்.

உழவாரன் வானத்திலேயே உண்டு, குடித்து, உறங்கி வாழும் பறவை. கூடு கட்டும் காலம் தவிர்த்த பத்து மாதங்களைச் சில பறவைகள் ஒருமுறை கூடத் தரையிறங்காமல் கழிக்கின்றன என்பதை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிகச் சிறிய பதிவுக் கருவிகளைப் பொருத்தி 2016இல் உறுதி செய்தார்கள். அப்படிப்பட்ட பறவை கூடு கட்டும் காலத்தில் மட்டும் தொட்டு வாழும் ஒரே இடம் அந்தக் கோபுரத்துத் துளைதான். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும்போது அந்தத் துளைகளை அடைத்துவிடுவது அதன் வீழ்ச்சிக்கு ஒரு காரணம்; 2021இல் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. மணிக்கூண்டின் சாய்சட்டப் பலகைகளுக்குப் பின்னால் கூட்டுப் பெட்டிகள் வைத்து அதற்கு இடம் தரும் தேவாலயங்களும் பல உண்டு. உங்கள் ஊர்த் தேவாலயத்தில் பழுதுபார்க்கும் வேலை வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், எந்தத் துளைக்குள் பறவை நுழைகிறது என்று தேதியோடு நீங்கள் எடுத்து வைத்த படங்கள் மிகவும் பயன்படும். அவற்றைத் தயங்காமல் நிர்வாகிகளிடம் கொடுங்கள்.

படம் எடுக்க, ஷட்டர் வேகத்தை நொடியில் 2500இல் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் வையுங்கள். தொடர் ஆட்டோஃபோகஸ் தேவை. வானப் பின்னணிக்காக எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை வரை கூட்டுங்கள். உச்சி வானில் தேடாதீர்கள். ஜூன், ஜூலை மாதங்களின் இதமான மாலைகளில் அவை கூட்டமாகக் கூரை மட்டத்துக்கு இறங்கி, கோபுரத்தை ஒரே பாதையில் மீண்டும் மீண்டும் சுற்றும். அந்தப் பாதையில் அவை உங்களை நோக்கித் திரும்பும் இடத்தைக் கண்டுகொண்டு, அங்கேயே லென்ஸை நிறுத்திக் காத்திருங்கள். கூட்டுத் துளைக்கு நேர் எதிரே மட்டும் நிற்காதீர்கள்; நீங்கள் வழியை மறைத்தால் பறவை உள்ளே போகாமல் திரும்பிவிடும்.

கேள்வி: கைப்பேசியில் ராபினின் பாட்டை ஒலிக்கவிட்டால் அது அருகே வந்துவிடுகிறது. இப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் அந்நியப் பறவை புகுந்துவிட்டதாக எண்ணிச் சண்டைக்குத்தான் அது வருகிறது. குஞ்சுகளுக்கு இரை தேட வேண்டிய நேரமும் வலிமையும், அங்கே இல்லவே இல்லாத ஓர் எதிரியைத் தேடுவதில் வீணாகின்றன. புதிய கூட்டுப் பெட்டிகளுக்கு உழவாரன்களை ஈர்க்க அவற்றின் குரலை ஒலிக்கச் செய்வதுண்டு. அது அவற்றுக்கு வீடு தருவதற்காகச் செய்வது, படத்துக்காகச் செய்வதன்று. கைப்பேசியைக் கேட்பதற்குப் பயன்படுத்துங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி ஒலியைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும். கண்ணால் உறுதி செய்துகொண்ட பின்னரே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கேள்வி: ஒரு கல்லறைக் கல்லை மூடிய ஐவிக் கொடிக்குள், வாலை நிமிர்த்தி வைத்திருக்கும் மிகச் சிறிய பழுப்புப் பறவை கூடு கட்டியிருக்கிறது. கொடியைச் சற்றே விலக்கினால் நல்ல படம் கிடைக்கும். சட்டப்படி தவறா?

பதில்: அது ரென். ஆண் பறவை பல கூடுகளைக் கட்ட, பெண் அவற்றில் ஒன்றைத் தேர்ந்து இறகு பரப்பி முட்டையிடும். கொடியைத் தொடவே தொடாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டம், பயன்பாட்டில் உள்ள எந்தக் காட்டுப் பறவையின் கூட்டையும் வேண்டுமென்றே சேதப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. கூகை, மீன்கொத்தி, பொரி வல்லூறு போன்ற, அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவைகளுக்கு இன்னும் கடுமையான காப்பு உண்டு. கூட்டருகே அவற்றைக் கலைப்பதே குற்றம். ஆகவே கூட்டில் படம் எடுக்க விரும்புபவர் நேச்சுரல் இங்கிலாந்து என்னும் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். கோபுரத்தில் கூகை குடியிருப்பதைக் கண்டால், ஊர்ப் பெயருடன் படத்தை இணையத்தில் இடாமல் இருப்பதே அதற்கு நீங்கள் செய்யும் உதவி.

ரென் முதல் அட்டவணையில் இல்லை. ஆனாலும் சட்டம் தடுக்காததெல்லாம் செய்யத் தக்கதாகிவிடாது. விலக்கிய கொடி மறைவை இழக்கிறது. மிதிபட்ட புல், கூட்டைச் சூறையாடும் மேக்பை பறவைக்கும் பூனைக்கும் வழி காட்டுகிறது. குஞ்சு பொரித்த பின், நன்றாக விலகி அமர்ந்து, அலகு நிறையப் பூச்சிகளோடு தாய்ப்பறவை கூட்டுக்குப் போகுமுன் ஒரு கல்லின் மேல் நின்று சுற்றுமுற்றும் பார்ப்பதை எடுங்கள். கூட்டின் படத்தை விட அந்தப் படத்தில் உயிர் அதிகம்.

கேள்வி: நவம்பர் வந்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் போவதில் பயன் உண்டா?

பதில்: நான் ஒரே பருவத்தைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் குளிர்காலத்தையே தேர்ந்தெடுப்பேன். மரங்கள் இலை உதிர்த்திருக்கும். தாழ்ந்த சூரியன் பகல் முழுவதும் பக்கவாட்டு ஒளி தரும். ஒன்பது மணிக்குப் போனாலே போதும். யூ மரம் அப்போது விருந்து மண்டபம். அதன் விதையும் இலையும் கொடிய நஞ்சு. விதையைச் சுற்றியுள்ள சிவந்த சதை மட்டும் நஞ்சற்றது. பூங்குருவிகள் கனியை முழுதாக விழுங்கி, விதையை உடைக்காமல் வெளியேற்றிவிடுகின்றன. உடன் வரும் குழந்தைகள் அந்தக் கனியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரிலிருந்து ஸ்காண்டிநேவியாவிலிருந்து ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் என்னும் இரு பூங்குருவி வகைகள் கூட்டமாக வருகின்றன. வெளிறிய புருவக் கோடும் சிறகடியில் செம்மையும் கொண்டது ரெட்விங். உங்கள் மரத்தில் மிசில் த்ரஷ் என்னும் பூங்குருவி ஒன்று குடியேறியிருந்தால் அது தன் கனி மரத்தை மற்ற பறவைகளிடமிருந்து சலிக்காமல் காவல் காக்கும். அந்தச் சண்டைகள் மிக அழகான படங்களாகும். அரிதாக ஹாஃபிஞ்ச் வரலாம்; தடித்த அலகால் யூ விதையையே உடைத்து உள்ளிருப்பதைத் தின்னக்கூடியது அது. மரத்தின் உட்புறத்தில் ஊசி போல மெல்லிய குரல் கேட்டால், ஆறு கிராம் கூட எடையில்லாத கோல்ட்கிரெஸ்டைத் தேடுங்கள். சிறு பறவைகள் பல ஒரே கிளையைச் சூழ்ந்து கூச்சலிட்டால், பகலில் உறங்கும் ஆந்தை அங்கே இருக்க வாய்ப்புண்டு. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு விலகிவிடுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து லண்டனில் உள்ள மகள் வீட்டுக்குச் செல்கிறேன். ஒரே ஒரு நாள் கிடைத்தால் எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம்?

பதில்: ஹாம்ப்ஷயரில் உள்ள செல்போர்ன் கிராமத்துப் புனித மரியாள் தேவாலயத்துக்குப் போங்கள். பறவைகளைச் சுட்டு வீழ்த்தி ஆராய்வதே வழக்கமாக இருந்த காலத்தில், அவற்றை உயிரோடு, தன் ஊரிலேயே, ஆண்டுதோறும் உற்றுநோக்கிக் குறித்துவைத்த கில்பர்ட் வைட் 1720இல் அங்கே பிறந்தார். அவ்வூரிலேயே உதவிக் குருவாகப் பணியாற்றி 1793இல் மறைந்தார். தோற்றத்தில் பிரித்தறியக் கடினமான மூன்று கதிர்க்குருவி இனங்களை அவற்றின் பாட்டைக் கொண்டு வேறுபடுத்தியவர் அவர். ஊரில் ஆண்டுதோறும் எட்டு ஜோடி உழவாரன்கள் வருவதையும், அவற்றில் ஏறத்தாழப் பாதி தேவாலயத்தில் தங்குவதையும் எண்ணி எழுதியிருக்கிறார். இவ்வளவு கூர்ந்து பார்த்தவரும், தகைவிலான்களில் சில குளிர்காலத்தில் எங்கோ மறைந்து உறங்குகின்றனவோ என்ற ஐயத்தைக் கடைசி வரை விடவில்லை. அவற்றின் ஆப்பிரிக்கப் பயணம் அன்று நிறுவப்பட்டிருக்கவில்லை.

தேவாலயத்தின் வடபுறத்தில், பெயரின் முதலெழுத்துகளும் தேதியும் மட்டும் பொறித்த சிறிய கல்லே அவரது கல்லறை. அவர் அளந்து குறித்த மாபெரும் யூ மரம் 1990 ஜனவரிப் புயலில் விழுந்துவிட்டது. அடிமரத்தை இன்றும் காணலாம். உள்ளே, பறவைகள் சூழ நிற்கும் புனித பிரான்சிஸின் வண்ணக் கண்ணாடிச் சாளரம் இருக்கிறது. கில்பர்ட் வைட் தன் எழுத்தில் குறிப்பிட்ட பறவைகளே அதில் தீட்டப்பட்டுள்ளன.

லண்டனிலிருந்து ஆல்டன் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து சில மைல் சாலையில் போக வேண்டும். உழவாரன்களைப் பார்க்க விரும்பினால் மே பிற்பகுதிக்கும் ஜூலை நடுப்பகுதிக்கும் இடையில் போங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் பெரும்பாலானவை கிளம்பிவிடும். பையில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு 8x42 இருகண் நோக்கியை எடுத்துச் செல்லுங்கள்.